பள்ளிக்கூடம் தேடி வரும் பல்கலைக்கழகம்: எது பலிக்கிறது, எது குரூப் போட்டோவோடு நின்றுவிடுகிறது

பல்கலைக்கழகம் என்றால் பாடம் நடத்தும், ஆராய்ச்சி செய்யும், பட்டம் கொடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். ஆனால் பல நாடுகளில் பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் இன்னொரு சிறிய அலுவலகமும் இயங்குகிறது. அங்கே இருப்பவர்களின் கவலையெல்லாம் இன்னும் சேராத பிள்ளைகளைப் பற்றியது. வீட்டில் யாருமே கல்லூரிப் படி ஏறாத பிள்ளைகள், கையில் காசில்லாத குடும்பத்துப் பிள்ளைகள், இனம், சாதி, மொழி, வாழும் இடம் என ஏதோ ஒரு காரணத்தால் தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள். இவர்கள் படிக்கும் பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவது, பாடம் சொல்லிக்கொடுப்பது, வளாகத்துக்கு அழைத்து வந்து காட்டுவது, விண்ணப்பம் நிரப்பக் கூட உட்காருவது எல்லாம் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. கல்வி வட்டாரத்தில் இதற்கு அவுட்ரீச் என்று பெயர்.

இதைச் சேர்க்கை விளம்பரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விளம்பரம் 'எங்களிடம் சேருங்கள்' என்று சொல்லும். அவுட்ரீச் ஒழுங்காக நடந்தால், அந்தப் பிள்ளை கடைசியில் வேறொரு கல்லூரியில் சேர்ந்தாலும் அது வெற்றிதான். நடைமுறையில் இரண்டையும் ஒரே மேசையில் ஒரே ஆள் பார்ப்பதும் உண்டு. அப்போது எது எதை விழுங்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்? நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை தானாக வந்து சேராதா? சேருவதில்லை. அமெரிக்காவில் கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோபர் ஏவரி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. அந்த நாட்டில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுக்கும் ஏழை மாணவர்களில் பெரும்பான்மையினர், வடிகட்டிச் சேர்க்கும் பெரிய கல்லூரிகளில் ஒன்றுக்குக்கூட விண்ணப்பம் போடவில்லை. இத்தனைக்கும் அந்தப் பெரிய கல்லூரிகள் கொடுக்கும் உதவித்தொகையைக் கழித்துப் பார்த்தால், அவர்கள் போய்ச் சேர்ந்த சாதாரணக் கல்லூரியைவிட அங்கே கைக்காசு குறைவாகத்தான் போயிருக்கும். இவர்களில் பலர் சிறிய ஊர்களில் இருந்தார்கள். தங்களைப் போல நன்றாகப் படிக்கிற இன்னொருவர் இல்லாத பள்ளிகளில் படித்தார்கள். பல்கலைக்கழக ஆட்கள் வருடா வருடம் போய்வரும் பள்ளிகளின் பட்டியலில் அந்தப் பள்ளிகள் இல்லவே இல்லை.

இந்தப் பழக்கம் புதிதல்ல. 1884-ல் லண்டனின் ஏழைப் பகுதியான வொயிட்சேப்பலில் டாயின்பி ஹால் என்ற சமூக சேவை இல்லம் தொடங்கியபோது, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆட்கள் அங்கேயே தங்கி அக்கம்பக்கத்தாருக்கு வகுப்பெடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அரசுப் பணத்தில் பெரிய அளவில் வந்தது அமெரிக்காவின் அப்வர்ட் பவுண்ட் திட்டம், 1965-ல். பிரிட்டனில் சட்டன் டிரஸ்ட் 1997-ல் ஆக்ஸ்போர்டில் கோடைப் பள்ளியை ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவில் உயர்கல்வி பற்றி 2008-ல் வந்த பிராட்லி அறிக்கை, 2020-க்குள் இளநிலை மாணவர்களில் 20 சதவீதம் பேர் வசதி குறைந்த பின்னணியிலிருந்து வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதற்கான அரசு நிதி 2010-ல் வந்தது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் உச்சபட்சக் கட்டணம் வாங்க வேண்டுமானால், பின்தங்கிய மாணவர்களுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று திட்டம் எழுதி ஒழுங்குமுறை அமைப்பிடம் ஒப்புதல் பெற வேண்டும். தர்ம காரியமாகத் தொடங்கியது அங்கே இப்போது விதிமுறை.

கனவு இல்லாததா பிரச்சினை?

இந்தத் துறையில் காலங்காலமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வசனம் உண்டு: "இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய கனவு இல்லை. கனவு காணக் கற்றுக்கொடுக்க வேண்டும்." எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடில்லை. எந்த ஏழைப் பள்ளியிலும் ஐந்தாம் வகுப்புக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள். டாக்டர், விமானி, விஞ்ஞானி, நீதிபதி என்று கை தூக்காத பிள்ளை இருக்காது. அவர்களின் பெற்றோரைக் கேட்டால் இன்னும் ஒரு படி மேலேயே சொல்வார்கள். பிரிட்டனின் ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளைக்காக 2012-ல் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசையைக் கூட்டினால் மதிப்பெண் கூடும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆசைக்கும் சேர்க்கைக் கடிதத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் சிக்கல். அதில் பெரும்பகுதி படிப்பு சம்பந்தப்பட்டது. பதினெட்டு வயதில் விண்ணப்பம் போடும்போது தெரியும் இடைவெளி, உண்மையில் பத்து வயதுக்கு முன்பே விழ ஆரம்பித்துவிடுகிறது. மிச்சத்தில் பணமும், பணத்தைப் பற்றிய பயமும் உண்டு. இவை இரண்டும் ஒன்றல்ல. கட்டணமே கட்ட வேண்டியிராத பிள்ளைகூட, கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தே ஒதுங்கிவிடுகிறது. எந்தப் பாடம் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம், எந்தத் தேதிக்குள் எந்தப் படிவம், யாரிடம் கேட்பது என்பதெல்லாம் படித்த குடும்பங்களில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அப்புறம், எதிலும் எழுதப்படாத ஒன்று: "அங்கே நம்மை மாதிரி ஆட்கள் இருப்பார்களா?"

ஒரு திட்டம் நல்லதா என்று பார்க்க, இந்தத் தடைகளில் எதை அது தொடுகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஒரு நாள் கூத்து

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முதலில் செய்வது வளாகச் சுற்றுலா. காலை பத்து மணிக்கு பஸ் வந்து நிற்கும். ஆளுக்கொரு டி-சர்ட். வேதியியல் ஆய்வகத்தில் பூவைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து மேசையில் தட்டுவார்கள். அது கண்ணாடியாக நொறுங்கும், பிள்ளைகள் கத்துவார்கள். சாப்பாடு. ஒரு மூத்த பேராசிரியர் "நீங்களும் ஒருநாள் இங்கே வரலாம்" என்று பேசுவார். குரூப் போட்டோ. மூன்றரைக்கு பஸ் கிளம்பிவிடும்.

இதில் கெடுதல் ஒன்றுமில்லை. பெரிய கட்டடத்துக்குள் நுழையும் கூச்சம் ஓரளவு போகும். ஆனால் மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் பள்ளியில் எதுவும் மாறியிருக்காது. கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் காலியாகத்தான் இருக்கும். பிள்ளையிடம் மிஞ்சுவது டி-சர்ட்.

இதையே திரும்பத் திரும்பச் செய்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. அர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கலில் தேர்ந்து, ஒரே கல்வியாண்டில் மூன்று முறை வளாகத்துக்கு வரவழைத்தார்கள். வந்த பிள்ளைகளுக்குக் கல்லூரி பற்றிய விவரம் கூடுதலாகத் தெரிந்திருந்தது; அடுத்த வகுப்பில் கடினமான பாடப்பிரிவுகளை எடுப்பதும் அவர்களிடையே கூடியது. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பதற்குச் சற்று முன்னால் அழைத்து வந்தது கவனிக்க வேண்டிய விஷயம். கடைசி வகுப்பில் அழைத்து வந்திருந்தால் மாற்றுவதற்கு எதுவும் மிச்சம் இருந்திருக்காது.

ஒரு பெரிய கவர்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அந்த மாநிலத்தில் நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகள், தங்கள் சொந்த மாநிலத்தின் முதன்மையான அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பாலும் விண்ணப்பிப்பதில்லை. 2015-ல் பொருளியலாளர் சூசன் டைனார்ஸ்கியும் அவருடைய குழுவினரும் அரசுப் பள்ளிகளின் தகவல்களிலிருந்து இப்படிப்பட்ட மாணவர்களை அடையாளம் கண்டு, அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குத் தபாலில் பெரிய கவர் ஒன்றை அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்தின் மஞ்சளும் நீலமும் அடித்த கவர். உள்ளே இருந்த கடிதத்தின் சாரம் இதுதான்: நீ விண்ணப்பித்து உனக்கு இடம் கிடைத்தால், நான்கு வருடக் கட்டணமும் இலவசம். அதற்காக வருமானக் கணக்குப் படிவம் எதையும் நிரப்ப வேண்டாம். விண்ணப்பக் கட்டணமும் வேண்டாம். பெற்றோருக்குத் தனிக் கடிதம், பள்ளித் தலைமைக்கும் தகவல்.

கவர் கிடைக்காத பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தவர்களில் 68 சதவீதம். சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 ஆனார்கள்.

சரி, இலவசம் என்றால் யார்தான் வரமாட்டார்கள் என்று கேட்கலாம். சூட்சுமம் அங்கேதான். கவர் கிடைக்காத பிள்ளைகளும் விண்ணப்பித்துச் சேர்ந்திருந்தால், ஏறக்குறைய அதே உதவித்தொகை அவர்களுக்கும் கிடைத்திருக்கும். பல்கலைக்கழகம் புதிதாகப் பெரிய பணம் எதையும் ஒதுக்கவில்லை. மாறியது வரிசை. வழக்கமாக முதலில் விண்ணப்பம், பிறகு படிவங்கள், பிறகு காத்திருப்பு, கடைசியில்தான் எவ்வளவு சலுகை என்பது தெரியும். இங்கே சலுகை முதலிலேயே உறுதியானது. ஒரு மாதச் சம்பளம் தவறினால் ஆட்டம் காணும் குடும்பத்துக்கு, 'கிடைக்கலாம்' என்பதும் 'கிடைக்கும்' என்பதும் முற்றிலும் வேறு.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் எல்லோருக்கும் கவர் அனுப்பிவிடலாமே' என்று கிளம்பினால் ஏமாற்றம்தான். ஹாக்ஸ்பியும் சாரா டர்னரும் முன்பு ஆளுக்குச் சுமார் 6 டாலர் செலவில் கல்லூரித் தகவல் தொகுப்பு அனுப்பிப் பார்த்து நல்ல பலன் கண்டிருந்தார்கள். பிற்பாடு, அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பு அதே மாதிரியான தொகுப்பைச் சுமார் 7,85,000 மாணவர்களை உள்ளடக்கிய பரிசோதனையில் அனுப்பிப் பார்த்தது. பலன் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் இணையத்தில் இந்தத் தகவல்கள் மலிந்துவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். என் கணிப்பு இன்னும் எளிமையானது: மிச்சிகன் கவரில் இருந்தது வாக்குறுதி, இந்தத் தொகுப்பில் இருந்தது தகவல்.

இன்னொரு பரிசோதனையும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகைக்கு ஃபாஃப்சா என்ற படிவத்தை நிரப்ப வேண்டும்; 2008 வாக்கில் அது மிக நீளமானது. 2008-ல் ஒஹாயோ, வட கரோலைனா மாநிலங்களில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வரிக் கணக்கு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வந்த குடும்பங்களில் சிலருக்கு, கையில் இருந்த கணக்கை வைத்தே அங்கேயே அந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். சிலருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற கணக்கை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். படிவம் நிரப்பித் தந்த வீடுகளில், பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகள் கல்லூரியில் இரண்டு வருடம் முடித்தது 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது. விவரம் மட்டும் கேட்டுப் போனவர்களிடம் மாற்றம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் கைக்கு இருக்கும் மதிப்பு துண்டுப் பிரசுரத்துக்கு இல்லை. இன்றைக்கும் அவுட்ரீச் பட்ஜெட்டில் துண்டுப் பிரசுரத்துக்குப் போகும் பணத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

படிப்பு என்ற பெரிய மலை

மேலே சொன்னதெல்லாம் ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு. படிப்பே எட்டாமல் போனவர்களுக்கு என்ன செய்வது? அங்கே குறுக்குவழி இல்லை. வருடக்கணக்கில் கூடவே போக வேண்டும்.

அப்வர்ட் பவுண்ட் அப்படித்தான் அமைக்கப்பட்டது. பள்ளி நாட்களில் கூடுதல் வகுப்பு, கோடை விடுமுறையில் பல வாரம் கல்லூரி வளாகத்தில் தங்கிப் படிப்பு. பங்கேற்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏழைகளாகவும் முதல் தலைமுறையினராகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழகம், பக்கத்திலிருக்கும் கறுப்பின ஏழைக் குடியிருப்பான கயலிட்ஷாவில் 20 பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு ஐந்து பேர் என 100 மாணவர்களைப் பத்தாம் வகுப்பிலேயே எடுத்து, மூன்று ஆண்டுகள் பள்ளி முடியும்வரை கூட்டிச் செல்லும் திட்டத்தை நடத்தியது.

இத்தகைய திட்டங்களின் முதுகெலும்பு, பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும் பல்கலைக்கழக மாணவர்கள். பேராசிரியர் சொல்வதைவிட, அதே மாதிரி வீட்டிலிருந்து வந்து இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா சொல்வது காதில் ஏறும். "விடுதியில முதல் மாசம் அழுதேன், அப்புறம் பழகிடுச்சு" என்பதை எந்தப் பிரசுரத்திலும் அச்சடிக்க முடியாது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகியோரின் 2002 ஆய்வில், வழிகாட்டியோடு ஒரு வருடமோ அதற்கு மேலோ பழகிய பிள்ளைகளுக்குத்தான் நல்ல பலன் இருந்தது. சில மாதங்களிலேயே வழிகாட்டி விட்டுப்போன பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட பிள்ளையிடம் இன்னும் ஒருவர் வந்து காணாமல் போவது, வராமலே இருப்பதைவிட மோசம். செமஸ்டர் தேர்வு வந்ததும் தன்னார்வலர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ளும் திட்டங்களை நடத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், போக்குவரத்துச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்பதும் ஆடம்பரம் கிடையாது.

பெற்றோரைப் பற்றி இரண்டு வார்த்தை. பெற்றோர் கூட்டம் என்று வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்துவிட்டு, "இவர்களுக்கு அக்கறையே இல்லை" என்று அறிக்கை எழுதுவது உண்டு. தினக்கூலிக்குப் போகிறவர் அந்தக் கூட்டத்துக்கு வர ஒரு நாள் வருமானத்தை விட வேண்டும். வந்தவர்கள் கேட்கும் கேள்விகளும் நேரடியானவை: விடுதியில் பெண் பிள்ளைக்கு யார் பொறுப்பு? படித்து முடித்தால் வேலை உண்டா? இடையில் நின்றால் கட்டிய பணம் திரும்ப வருமா?

யார் வருகிறார்கள், யாரால் வருகிறார்கள்

2002-ல் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகம் குழந்தைகள் பல்கலைக்கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தது. எரிமலை ஏன் நெருப்பைக் கக்குகிறது என்பது போன்ற கேள்விகளுக்குப் பேராசிரியர்களே பெரிய அரங்கில் சிறுவர்களுக்கு விளக்கினார்கள். அரங்கு நிரம்பி வழிந்தது, ஐரோப்பா முழுக்கப் பரவியது. அருமையான யோசனை. ஆனால் இப்படி வாசலைத் திறந்து வைத்தால் முதலில் ஓடி வருபவர்கள் படித்த பெற்றோரின் பிள்ளைகள்தான். வியன்னாவில் இதை உணர்ந்து, பூங்காக்களுக்கும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் அறிவியலைக் கொண்டுபோகத் தொடங்கினார்கள்.

இதே வியாதி வேறு உருவத்திலும் வரும். பள்ளிக்குப் போய் "பத்துப் பேரை அனுப்புங்கள்" என்றால், தலைமை ஆசிரியர் முதல் பத்து ரேங்க் பிள்ளைகளை அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பள்ளியின் மானம் இருக்கிறதே. அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் பின்னாளில் கல்லூரிக்குப் போனதும், திட்டம் 80 சதவீத வெற்றி என்று அறிக்கை வரும். அவர்கள் இந்தத் திட்டம் இல்லாமலும் போயிருப்பார்கள் என்பது அறிக்கையில் இருக்காது. அதனால்தான் ஆய்வாளர்கள் குலுக்கல் முறையை வற்புறுத்துகிறார்கள்: தகுதியானவர்கள் 200 பேர், இடம் 100 என்றால், குலுக்கிப் போட்டு எடுத்து, இரண்டு குழுக்களையும் பின்தொடர்வது. அப்வர்ட் பவுண்டை அப்படிப் பரிசோதித்தபோது, கல்லூரியில் சேர்வதில் சராசரியாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பட்டம் வரை போவோம் என்ற எதிர்பார்ப்பு இல்லாமல் உள்ளே வந்த பிள்ளைகளிடம் பலன் தெளிவாக இருந்தது. முடிவுகளைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. ஆனாலும் எந்தப் பிள்ளையை எடுப்பது என்பதற்கு அதில் பதில் இருக்கிறது.

இடம் கிடைத்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. பள்ளி முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள இடைவெளியில், சேர்கிறேன் என்று சொன்ன ஏழைப் பிள்ளைகளில் கணிசமானோர் காணாமல் போகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் பென் காசில்மனும் லிண்ட்சே பேஜும் இதைப் பல நகரங்களில் பார்த்தார்கள். முன்பணம் கட்ட வேண்டிய தேதி, விடுதிப் படிவம், மருத்துவச் சான்று என்று ஏதோ ஒன்றில் தடுக்கி நிற்பார்கள். பள்ளி மூடியிருக்கும், கல்லூரிக்கு அவர்கள் இன்னும் அந்நியர். அவுட்ரீச் அலுவலகத்துக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை.

உங்கள் பள்ளிக்கு இப்படி ஒரு பல்கலைக்கழகம் வந்தால், ஆசிரியராகவோ பெற்றோராகவோ கேட்க வேண்டியவை இருக்கின்றன. அடுத்த வருடமும் வருவீர்களா? சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கும் இதில் இடம் உண்டா? வழிகாட்டியாக வரும் மாணவர் எத்தனை மாதம் இருப்பார், இடையில் போனால் யார் வருவார்? பயணச் செலவு யாருடையது? பிள்ளைகளோடு தனியாகப் பேசப்போகிறவர்களின் பின்னணியைச் சரிபார்த்தீர்களா? தேர்வு முடிவு வந்த பிறகு கூப்பிட வேண்டிய எண் எது, அதை யார் எடுப்பார்? பதில்களை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த வருடம் வரும் ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் வேறு ஆளாக இருப்பார்.